எந்த மாநிலத்தின் வார இறுதி?

நம் நாட்டில் ‘வார இறுதி’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. பேராக், பினாங்கு, சிலாங்கூர் போன்ற மாநிலங்களில் அது சனி, ஞாயிறு. கெடா, கிளந்தான், திரெங்கானு மாநிலங்களில் வெள்ளி, சனி. ஜொகூர் 2014-இல் வெள்ளி, சனிக்கு மாறியது. 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து மறுபடியும் சனி, ஞாயிறுக்குத் திரும்பிவிட்டது. மாநிலம் விட்டு மாநிலம் தொலைபேசியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது ஒரு சிறு தொல்லை. ஆனால் பெற்றோர் மணவிலக்குப் பெற்று, ஒருவர் இந்த மாநிலத்திலும் மற்றவர் அந்த மாநிலத்திலும் வாழும்போது, இடையில் இருக்கும் பிள்ளைக்கு இது சிறு தொல்லை இல்லை. “மாதத்தில் இரண்டு வார இறுதிகள் பிள்ளைகள் தந்தையுடன் இருக்கலாம்” என்று நீதிமன்ற ஆணையில் ஒரு வரி இருந்தால், அது எந்த மாநிலத்தின் வார இறுதி?

இந்தக் கேள்வியை நான் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஈப்போவில் என் பெற்றோர் பிரிந்தார்கள். இருவருக்கும் கூட்டுப் பராமரிப்பு உரிமை. நானும் கைக்குழந்தையாக இருந்த தம்பியும் அன்றாடம் இருப்பது அம்மாவிடம். மாதத்தில் இரண்டு வார இறுதிகளும் பள்ளி விடுமுறையில் பாதியும் அப்பாவிடம். ஈப்போவில் இரண்டு வீடுகளுக்கும் இடையே இருபது நிமிடப் பயணம்தான். ஓராண்டு அது நன்றாகவே நடந்தது. பிறகு அரசாங்கத் தாதியான அம்மாவுக்குப் பதவி உயர்வோடு கோலத் திரெங்கானுவுக்கு மாற்றல் வந்தது.

அம்மா அந்த மாற்றலை ஏற்றது தவறு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். தனியாக இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தாதிக்குப் பதவி உயர்வு என்பது வெறும் பெயர்ப்பலகை மாற்றம் அல்ல; வாடகை, பால்மாவு, பள்ளிச் சீருடை எல்லாம் அதில் அடங்கும். அப்பாவும் எதிர்க்கவில்லை. “நல்லது, போய்ட்டு வாங்க” என்றார். இருவரும் நல்லபடியாகப் பேசிக்கொண்டதால், வழக்கறிஞரிடம் மறுபடியும் போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஈப்போவுக்காக எழுதப்பட்ட ஆணை, ஓர் எழுத்தும் மாறாமல், எங்களோடு கிரீக் மலைச்சாலை ஏறித் திரெங்கானுவுக்கு வந்துவிட்டது.

அங்கே எனக்கு ஞாயிற்றுக்கிழமை பள்ளி. வெள்ளி, சனி விடுமுறை. அப்பா ஈப்போவில் ஒரு கார் பட்டறையில் வேலை பார்த்தார். வெள்ளிக்கிழமை முழு நாள் வேலை, சனிக்கிழமை அரை நாள், ஞாயிறு ஓய்வு. நான் ஓய்வாக இருக்கும் நாளில் அவர் காருக்கு அடியில் படுத்திருப்பார். அவர் ஓய்வாக இருக்கும் நாளில் நான் சபைகூடலில் நின்றுகொண்டிருப்பேன். இரண்டு பேருக்கும் பொதுவாக மிஞ்சியது சனிக்கிழமை பிற்பகல். இடையில் ஒரு மலைத்தொடரே இருக்கும்போது ஒரு பிற்பகலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நான் இப்போது கணக்கியல் மாணவி என்பதால் இதை ஒரு கணக்காகவும் போட்டுப் பார்த்திருக்கிறேன். பத்து வயதுப் பிள்ளையை இரவுப் பேருந்தில் தனியாக ஏற்றிவிட முடியாது. அப்பா வர வேண்டும், என்னை அழைத்துப்போக வேண்டும், திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும், பிறகு தனியாகத் திரும்ப வேண்டும். அவருக்கு நான்கு டிக்கெட், எனக்கு இரண்டு. ஒரு வார இறுதிக்கு ஆறு, மாதத்துக்குப் பன்னிரண்டு. அந்தப் பணத்தை யார் கொடுப்பது என்று ஆணையில் ஒரு சொல்கூட இல்லை. ஈப்போவில் அதற்குத் தேவையும் இருக்கவில்லை. அப்பாவின் பட்டறைச் சம்பளம் எவ்வளவு தாங்கும்? முதல் நான்கு மாதங்கள் வந்தார். பிறகு மாதத்துக்கு ஒருமுறை ஆனது. அதற்குப் பிறகு பள்ளி விடுமுறைகள் மட்டும். யாரும் ஆணையை மீறவில்லை, யாரும் யாரையும் தடுக்கவும் இல்லை. ஆனாலும் மாதம் இருமுறை பார்த்துக்கொண்டிருந்த அப்பாவை ஆண்டுக்கு மூன்று நான்கு முறைதான் பார்க்க முடிந்தது.

நம் சமூகத்தில் பிள்ளைப் பராமரிப்பு என்றாலே இந்திராகாந்தி வழக்குதான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். 2009-இல் பதினொரு மாதக் கைக்குழந்தையாக இருந்த மகளைப் பிரிந்து, கூட்டரசு நீதிமன்றம் வரை போய் 2018-இல் தீர்ப்புப் பெற்ற அந்தத் தாயின் போராட்டத்தோடு என் வீட்டுக் கதையை ஒப்பிட எனக்கு மனம் வராது. ஆனால் அந்த வழக்கைப் பற்றி மணிக்கணக்கில் பேசத் தெரிந்த நமக்கு, சண்டை இல்லாமல், மதப் பிரச்சினை இல்லாமல், வேலை மாற்றம் என்ற ஒரே காரணத்தால் பிள்ளைகள் ஒரு பெற்றோரை மெல்ல மெல்ல இழப்பதைப் பற்றிப் பேசத் தெரியவில்லை. பேசினாலும் இரண்டு வசனங்கள்தான். அம்மா போனால், “பிள்ளைகளத் தூக்கிட்டுப் போயிட்டா.” அப்பா வர முடியாவிட்டால், “அவனுக்கு எங்க பிள்ளைங்க மேல அக்கறை?” எங்கள் வீட்டைப் பற்றி இரண்டையும் கேட்டிருக்கிறேன். இரண்டுமே பொய்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? முஸ்லிம் அல்லாதவர்களின் மணவிலக்கு 1976-ஆம் ஆண்டின் சட்டச் சீர்திருத்த (திருமணம், மணவிலக்கு) சட்டத்தின் கீழ் வருகிறது. பல்கலைக்கழக நூலகத்தில் அதைப் புரட்டினேன். 88-ஆவது பிரிவு, பிள்ளையின் நலனே முதன்மை என்கிறது. பெற்றோரின் விருப்பத்தையும், சொந்தமாகக் கருத்துச் சொல்லும் வயது வந்திருந்தால் பிள்ளையின் விருப்பத்தையும் கவனிக்க வேண்டும் என்கிறது. ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்ற அனுமானத்தோடு தொடங்கி, அதை மறுத்து வாதாடவும் இடம் தருகிறது. 89-ஆவது பிரிவின்படி நீதிமன்றம் தன் ஆணையில் நிபந்தனைகள் விதிக்கலாம்: பிள்ளை எங்கே வசிக்க வேண்டும், என்ன கல்வி பெற வேண்டும், மற்ற பெற்றோர் எப்போது பார்க்கலாம். பிள்ளையை மலேசியாவை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்றும் தடை போடலாம்.

‘மலேசியாவை விட்டு’ என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். நாட்டு எல்லையைச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மாநில எல்லையைக் குறிப்பிடவில்லை. ஜொகூர் பாருவிலிருந்து பாலம் கடந்து சிங்கப்பூருக்குக் குடிபோனால் அது வெளிநாடு. வார இறுதியில் அப்பா பேருந்து பிடித்து வந்து பார்த்துவிடலாம். ஜொகூர் பாருவிலிருந்து சபாவுக்கோ சரவாக்கிற்கோ குடிபோனால் அது உள்நாடு. விமானம் வேண்டும், தீபகற்பத்துக்காரர்கள் குடிநுழைவுச் சோதனையையும் கடக்க வேண்டும். பிள்ளைக்கு எது தூரம்?

சிங்கப்பூர் சிறிய நாடு. அங்கே ஊர் மாறினாலும் அதே ரயில் பாதைதான். அதனால் அவர்களுடைய கவலையெல்லாம் நாட்டை விட்டுப் போவதைப் பற்றியது. அங்குள்ள மாதர் சாசனத்தின்படி, பராமரிப்பு ஆணை நடப்பில் இருக்கும்போது, இரு பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் பிள்ளையை வெளிநாடு கொண்டுபோக முடியாது. பராமரிக்கும் பெற்றோர் ஒரு மாதத்துக்குக் குறைவாகப் போய்வருவதற்கு மட்டும் விலக்கு. நாம் பதின்மூன்று மாநிலங்களும் மூன்று கூட்டரசுப் பிரதேசங்களும் கொண்ட நாடு. நம் கவலை வேறாக இருக்க வேண்டும்.

நம் நாட்டிலேயே இன்னொரு சட்டம் இதை யோசித்திருக்கிறது. 1984-ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேச இஸ்லாமியக் குடும்பச் சட்டம், தந்தை பிள்ளையைக் கண்காணிக்க முடியாதபடி தாய் வசிப்பிடத்தை மாற்றினால் அவருடைய பராமரிப்பு உரிமை போகலாம் என்கிறது; மணவிலக்கான பெண் தன் பிள்ளையைத் தன் பிறந்த ஊருக்கு அழைத்துப்போவதற்கு மட்டும் விலக்குத் தருகிறது. எனக்கு அந்த விதி பிடிக்கிறதா என்றால், இல்லை. வேலைக்காக நகரும் அம்மாவுக்கு உரிமையே பறிபோகும் என்பது மிகக் கடுமையான விலை. ஆனால் இடம்பெயர்வு என்பது தனியாகப் பேச வேண்டிய ஒன்று என்பதை அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

அதற்காக, மாநிலம் மாறும் ஒவ்வொரு தாயும் முன்னாள் கணவரிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. அப்படி ஒரு விதி வந்தால் அதைக் கட்டுப்படுத்தும் கயிறாகப் பயன்படுத்தக்கூடிய ஆண்கள் இருக்கிறார்கள். அடி உதைக்குப் பயந்து வேறு மாநிலத்தில் இருக்கும் தாய் வீட்டுக்கு ஓடும் பெண்ணிடம், “முதலில் சம்மதக் கடிதம் கொண்டு வா” என்று சொல்வது கொடுமை. அவளுக்கு 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு ஆணை பெற வழி இருக்கிறது; அந்தச் சூழலில் வார இறுதிகளைப் பற்றிப் பிறகுதான் பேச வேண்டும். நான் பேசுவது எங்களைப் போன்ற வீடுகளைப் பற்றி. இருவருமே பிள்ளைகளை நேசிக்கிறார்கள், இருவருமே உழைக்கிறார்கள், ஆணை மட்டும் பழைய ஊரிலேயே நிற்கிறது.

அந்த ஆணையை நகர்த்த வழி ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் எனக்கு வியப்பு. அதே 1976 சட்டத்தின் 96-ஆவது பிரிவு, சூழ்நிலையில் முக்கியமான மாற்றம் ஏற்பட்டால் பராமரிப்பு ஆணையை மாற்றும்படி விண்ணப்பிக்கலாம் என்கிறது. வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்வது முக்கியமான மாற்றம் இல்லையென்றால் வேறு எதுதான் முக்கியம்? ஆனால் அதற்கு உயர்நீதிமன்றப் படி ஏற வேண்டும், வழக்கறிஞர் வேண்டும், செலவு ஆகும். அதனால் சண்டை போடுகிறவர்கள்தான் அங்கே போகிறார்கள். ஒத்துப்போகிறவர்கள் “நமக்குள்ள பேசிக்குவோம்” என்று விட்டுவிடுகிறார்கள். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி இலாகா குடும்ப விவகாரங்களில் உதவுகிறது என்பதே எங்கள் வீட்டில் அப்போது யாருக்கும் தெரியாது.

இப்போது இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு, குறிப்பாக ஆசிரியர்களுக்கு, நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மாறியது மாநிலம் மட்டும் அல்ல, மொழியும்தான். ஈப்போவில் நான்காம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் படித்தேன். திரெங்கானுவில் தமிழ்ப்பள்ளியே கிடையாது. சபா, சரவாக்கிலும் கிடையாது. தேசியப் பள்ளியில் குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால், தமிழ் ஒரு பாடமாகக் கற்பிக்கப்பட வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் சொல்கிறது. என் புதிய பள்ளியில் தமிழ் பேசும் பிள்ளைகள் என்னையும் சேர்த்து மூன்று பேர். பதினைந்துக்கு எங்கே போவது? என் தமிழ் நான்காம் ஆண்டுப் பாடநூலோடு நின்றுவிட்டது.

அப்பா ஒரு காரியம் செய்தார். ஈப்போவில் பயிற்சிப் புத்தகங்கள் வாங்கித் தபாலில் அனுப்புவார். நான் செய்து, பக்கங்களைப் படமெடுத்துப் புலனத்தில் அனுப்புவேன். பட்டறையில் மதிய உணவு நேரத்தில் திருத்துவார். லகர ளகரம் அவருக்கே தகராறு. சில சமயம் நான் சரியாக எழுதியதைத் தப்பாகத் திருத்தி அனுப்புவார். இன்று நான் தமிழில் எழுதுவதற்கு அந்த எண்ணெய்க் கை பட்ட திருத்தங்களும் ஒரு காரணம். ஆனால் இதை ஓர் இனிமையான கதையாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தம்பியைத் தூக்கிக்கொண்டு போனபோது அவனுக்கு இரண்டு வயது. அவன் தமிழ்ப்பள்ளி வாசலையே மிதித்ததில்லை. வீட்டில் தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. பிள்ளை எந்த மொழியில் படிக்கப் போகிறது என்ற கேள்வியை, எவ்வளவு ஜீவனாம்சம் என்ற கேள்வி அளவுக்காவது பெற்றோர் உட்கார்ந்து பேச வேண்டாமா? 89-ஆவது பிரிவு கல்வியைப் பற்றி நிபந்தனை எழுத இடம் விட்டிருக்கிறது. அந்த இடத்தில் “வாரத்தில் இரண்டு மணி நேரம் இணையத்தில் தமிழ் வகுப்பு, செலவு ஆளுக்குப் பாதி” என்று எழுதலாமே. எழுதினால் நீதிபதி சிரிக்கப் போவதில்லை.

ஆறாம் ஆண்டு முடிந்ததும் நான் ஈப்போவுக்குத் திரும்பினேன். அப்பாவிடம் இருந்து படிக்க விரும்புகிறேன் என்று நானே கேட்டேன். யாரிடம் இருக்க விரும்புகிறாய் என்று எனக்குப் பத்து வயதில் யாரும் கேட்கவில்லை. பன்னிரண்டில் நான் சொன்னபோது அம்மா இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் பள்ளி மாற்றப் பாரம் வாங்கி வந்தார். இடைநிலைப்பள்ளியில் தமிழை மறுபடியும் பிடித்து, எஸ்பிஎம் தேர்விலும் எடுத்தேன். ஆனால் தம்பி அம்மாவிடமே இருந்தான். உடன்பிறப்புகள் எல்லாரையும் ஒரே பெற்றோரிடம்தான் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் நீதிமன்றத்துக்கு இல்லை, ஒவ்வொரு பிள்ளையின் நலனையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று 88-ஆவது பிரிவு சொல்கிறது. எங்கள் வீட்டில் நீதிமன்றம் இல்லாமலே அது நடந்தது. அதற்குப் பிறகு கிரீக் சாலையில் பயணப்பட வேண்டியவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். அப்பா தம்பியைப் பார்க்க வேண்டும், அம்மா என்னைப் பார்க்க வேண்டும், நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்க வேண்டும். இந்த மூன்றாவதை எந்த ஆணையிலும் யாரும் எழுதுவதில்லை. சந்திக்கும் உரிமை என்றால் பெற்றோருக்கு மட்டும்தானா? தம்பி முதலில் சைக்கிள் ஓட்டியதை நான் கைப்பேசித் திரையில்தான் பார்த்தேன்.

காணொளி அழைப்பு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நல்லதுதான். ஆனால் ஐந்து வயதுப் பையன் திரை முன்னால் எவ்வளவு நேரம் உட்காருவான்? “அக்கா, நான் விளையாடப் போறேன்” என்று சொல்லி ஓடிவிடுவான். பிறகு நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன், ஏனென்றால் கைப்பேசியைப் படுக்கையில் போட்டுவிட்டுப் போயிருப்பான்.

மணவிலக்கு ஆணை எழுதும் வழக்கறிஞர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ‘வார இறுதி’ என்று எழுதும்போது கிழமையைப் பெயர் சொல்லி எழுதுங்கள். யாராவது ஒருவர் வேறு மாநிலம் போக நேர்ந்தால் எத்தனை மாதங்களுக்கு முன் மற்றவருக்குத் தெரிவிக்க வேண்டும், அப்போது எந்தச் சந்திப்புகள் பள்ளி விடுமுறைக்கு மாறும், பயணச் செலவில் யாருக்கு எவ்வளவு என்பதை, அப்படி ஒரு நாள் வராமலே போனாலும், முதல் நாளே எழுதிவிடுங்கள். வார இறுதி குறைந்தால் விடுமுறை நாட்கள் கூடட்டும். பாதி என்பது மூன்றில் இரண்டு பங்காக மாறட்டும். தீபாவளியை ஆண்டுக்கு ஒருவர் என்று பிரிக்கும்போது நாட்காட்டியையும் பாருங்கள்: சரவாக்கில் தீபாவளி பொது விடுமுறை இல்லை. பராமரிப்பு பற்றிய கேள்விகளில், முடிந்தபோதெல்லாம், பிள்ளை நலனில் பயிற்சியோ அனுபவமோ உள்ள ஒருவரின் ஆலோசனையை நீதிமன்றம் பெற வேண்டும் என்று 100-ஆவது பிரிவு சொல்கிறது. நல்ல ஏற்பாடு. பெற்றோர் இருவரும் ஒத்துப்போய்க் கையெழுத்திடும் வீடுகளிலும் அப்படி ஒருவர் பிள்ளையோடு அரை மணி நேரம் பேசினால், பெரியவர்கள் மறந்துவிட்ட பாதி விஷயங்கள் வெளியே வரும்.

பள்ளிகளாலும் முடியும். வேறு மாநிலத்திலிருந்து மாற்றலாகி வரும் மாணவரின் பதிவில் இரண்டு பெற்றோரின் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். தேர்ச்சி அறிக்கை இருவருக்கும் போகட்டும். என் அப்பாவுக்கு என் யுபிஎஸ்ஆர் முடிவு தெரிந்தது என் மூலமாகத்தான். பள்ளிக்கு அவர் இருப்பதே தெரியாது.

அம்மாவுக்கு மீண்டும் மாற்றல் கிடைத்திருக்கிறது. இம்முறை கெடாவின் சுங்கை பட்டாணிக்கு. ஈப்போவிலிருந்து மின்சார ரயிலிலேயே போய்விடலாம், மலைச்சாலை வேண்டியதில்லை. ஆனால் அங்கேயும் வெள்ளி, சனிதான் விடுமுறை. தம்பி அடுத்த ஆண்டு அங்கே படிவம் ஒன்றில் சேர்கிறான். இந்த முறை குடிபோவதற்கு முன்பே அம்மாவும் அப்பாவும் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி, ஆணையை மாற்றச் சொல்லி விண்ணப்பிக்க வழக்கறிஞரிடம் கொடுக்கப் போகிறார்கள். யார் ரயில் டிக்கெட் எடுப்பது, எந்தச் சனிக்கிழமை யார் வீட்டில், தமிழ் வகுப்பு எத்தனை மணிக்கு என்று அதில் இருக்கிறது. போன வாரம் அந்தத் தாளைத் தம்பியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னோம். அவனுக்காக மலாயிலும் எழுதியிருந்தோம். முழுவதும் படித்துவிட்டுப் பேனாவை வாங்கி, கடைசியில் ஒரு வரி சேர்த்தான்: சனிக்கிழமை காலையில் பூப்பந்துப் பயிற்சி இருந்தால் அப்பாதான் இங்கே வர வேண்டும், அக்காவையும் கூட்டிக்கொண்டு.